சேற்றுப் பண்ணையின் வாரிசு

ஜூலியன் ஹோர்பி எங்கள் ஊருக்கு முதன்முதலாக வந்த அன்று, ஊர்ப் பெயர்ப் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். பலகையில் ஹோர்பி என்று இருந்தது. அவர் பெயருக்குப் பின்னாலும் ஹோர்பி என்று இருந்தது. அதற்குத்தான் அத்தனை ஆனந்தம். அவர் மனைவி ஃபிலிப்பா நடுச்சாலையில் நின்று விதவிதமாகப் படம் எடுத்தாள். அவளுக்குப் பின்னால் எங்கள் ஊர் விவசாயி கிளைவின் டிராக்டர் காத்துக்கொண்டு நின்றது. கிளைவ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதே இடத்தில் நான் சைக்கிளை நிறுத்திச் செருப்பில் சிக்கிய கல்லை எடுத்தபோது அவன் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. வழி மறிப்பவன் பணக்காரன் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பொறுமை எங்கிருந்துதான் வருமோ தெரியாது.

நான் விண்ணி ஓல்ட்ராய்ட். ஹோர்பி கோயிலின் சபைக் கமிட்டிக்குப் பதினெட்டு வருடமாகச் செயலாளர். சம்பளம் கிடையாது. அந்த வேலைக்கு வேறு யாரும் வரமாட்டார்கள் என்பதுதான் என்னுடைய ஒரே தகுதி.

ஹோர்பி என்ற பெயருக்குச் சேற்றுப் பண்ணை என்று அர்த்தம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் லிங்கன்ஷயரின் இந்தத் தாழ்ந்த பக்கத்தில் எவனோ ஒருவன் முழங்கால் வரை புதைந்து நின்று, எரிச்சலில் வைத்த பெயராக இருக்க வேண்டும். அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் உருளைக்கிழங்கு அழுகும், சுவர் சாயும், கதவு மழைக்காலத்தில் மூடாது. இரண்டடி தோண்டினால் ஈரம், மூன்றடியில் தண்ணீர்.

இதனால் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு தொல்லை. மற்ற ஊர்களில் குழியை ஆழமாக வெட்டி, புருஷனையும் பெண்டாட்டியையும் ஒருவர் மேல் ஒருவராக வைத்துவிடுவார்கள். இங்கே அது நடக்காது. ஆளுக்கொரு குழி, அதுவும் மேலாக, பக்கத்தில் பக்கத்தில். அப்படி வைத்து வைத்தே தோட்டம் சீக்கிரம் நிரம்பிவிட்டது. கடைசியில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. வடக்குச் சுவரின் ஓரத்தில், பெரில் டக்வெல்லின் கல்லுக்கு இடப்பக்கம்.

அந்த இடம் பெரிலின் புருஷன் லென்னுக்கு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். லென்னுக்கு எழுபத்தெட்டு வயது. ஆயுசு முழுக்க வாய்க்கால் வெட்டியவர். எங்கள் கோயிலுக்குக் குழி வெட்டுவதும் அவர்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் பெரிலின் குழியையும் அவரே வெட்டினார். அன்று சாயங்காலமே பக்கத்து இடத்தின் நாலு மூலையிலும் குச்சி அடித்து வைத்தார். வருடா வருடம் குச்சி உளுத்துப்போகும், புதிதாக அடிப்பார். குச்சி அடித்தால் இடம் தன்னுடையது என்று நினைத்தார். ஊரும் அப்படித்தான் நினைத்தது. திருச்சபையின் பேராயத்து நீதிமன்றத்துக்கு மனுப் போட்டு உத்தரவு வாங்கினால்தான் ஓர் இடத்தை ஒருவர் பெயருக்கு ஒதுக்க முடியும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. செயலாளர் என்று பீற்றிக்கொண்டிருந்த எனக்கும் உறைக்கவில்லை. அந்த உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை.

ஜூலியனுக்கு உறைத்தது. பலகையோடு படம் எடுத்துக்கொண்டு போன மூன்றாம் மாதம் கோயில் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வடக்குச் சுவர் ஓரத்து இடத்தைத் தனக்கும் தன் மனைவிக்கும் ஒதுக்கித் தரும்படி திரு. ஜூலியன் ஹோர்பி மனுக் கொடுத்திருக்கிறார், சபைக் கமிட்டி தன் கருத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று. மனுஷர் லண்டனில் அலுவலகங்களுக்குத் தரைவிரிப்பு விற்றுக் கொழுத்தவர். எங்கள் ஊரில் ஒரு இரவுகூடத் தங்கியது கிடையாது. உயிரோடு ஒரு இரவு தங்கப் பிடிக்காத ஊரில் செத்த பிறகு நிரந்தரமாகத் தங்குவதற்கு அப்படி ஓர் அவசரம்.

கமிட்டி கோயிலுக்குள்ளேயே கூடியது. முந்தின வருடம் கூரையின் ஈயத் தகடுகளைத் திருடர்கள் உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து, ஒழுகும் மழைக்குப் பதினான்கு வாளிகளை நடுவில் வைத்துக்கொண்டுதான் ஜெபம், பாட்டு, கூட்டம் எல்லாம். போதகர் கிறிஸ்டபெல் வழக்கம்போல் அரை மணி தாமதமாக வந்தார். அவருக்கு ஏழு ஊர். ஏழு ஊரிலும் எதைக் காட்டினாலும் அழகாயிருக்கு என்பார்.

ஜூலியன் கையில் ஒரு சட்டம் போட்ட படம் இருந்தது. ஒரு காட்டுப்பன்றி, மூன்று நட்சத்திரம், கீழே லத்தீனில் ஒரு வரி. ஹோர்பி வம்சத்தின் சின்னமாம். என்ன பெயரைச் சொன்னாலும் பத்து நிமிஷத்தில் ஒரு சின்னத்தை அச்சடித்துத் தரும் கடை கடற்கரைச் சந்தையில் இருக்கிறது. என் தங்கை மகன் தன் நாயின் பெயருக்கே ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். அதிலும் காட்டுப்பன்றிதான்.

"எங்க முன்னோர்கள் ஆண்ட மண்ணு இது," என்றார் ஜூலியன். "இந்த மண்ணுக்கே திரும்பி வரணும்னு எனக்கு ஒரு ஆசை. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே குழி. நல்ல ஆழமா, உள்ள செங்கல் கட்டி, மேல ஒரு கல்லு. பேர் மட்டும் போதும். ஹோர்பி, அவ்வளவுதான்."

"அழகான நெனப்பு," என்றார் போதகர்.

லென் கமிட்டியில் இல்லை. கடைசி பெஞ்சில் தொப்பியை முட்டிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே சொன்னார்: "அது என் எடம்."

போதகர் திரும்பினார். "லென், எழுத்துல ஏதாவது இருக்கா உங்ககிட்ட?"

"குச்சி இருக்கு."

யாரோ சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும். அந்த ஆளின் அம்மாவுக்கு ஜனவரி மாதம், பனி உறைந்த தரையைக் கடப்பாரையால் உடைத்துக் குழி வெட்டியவர் லென்.

நான் எழுந்தேன். அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து மூன்று வாரம் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கோயில் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருந்தேன். எலி தின்ற பக்கங்களைக்கூட விடவில்லை. ஜூலியனை எல்லோர் முன்னாலும் கிழித்துத் தொங்கவிடப் போகிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அதை மறைப்பானேன்.

"மிஸ்டர் ஹோர்பி," என்றேன், "நம்ம பதிவேடு ஆயிரத்து ஐந்நூத்து அறுபத்திமூணுலேருந்து இருக்கு. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாத்தையும் பாத்துட்டேன். ஹோர்பின்னு பேர் உள்ளவங்க ஒருத்தர்கூட இங்க பொறக்கல, கட்டிக்கல, சாகல."

"அதுக்கு முன்னாடி இருந்திருப்பாங்க. ஊரை ஆண்டவங்க ஊர்ப்பேரை வச்சுக்கிறது வழக்கம்தானே."

"சில ஊர்ல வழக்கம்தான். இந்த ஊரை ஆண்டது ஒரு துறவி மடம். துறவிங்க புள்ளைகுட்டியோட இருந்ததா யாரும் எழுதி வைக்கல."

வாளிகளில் மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் குரல் இன்னும் ஏறியது.

"உங்க ஆளுங்களுக்கு இந்தப் பேர் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன், கேட்டுக்குங்க. ஹோர்பிக்குள்ள இருக்குறவனை எவனும் ஹோர்பின்னு கூப்பிட மாட்டான். எல்லாருமே ஹோர்பிக்காரன்தானே, அப்படிக் கூப்பிட்டா எவன் திரும்பிப் பாப்பான்? இங்கேருந்து ஒருத்தன் மூட்டை கட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போவான். அங்க ஒருத்தன், யார்யா இது புதுசான்னு கேப்பான். இன்னொருத்தன், அதான் அந்த ஹோர்பியிலேருந்து வந்தவன்னு சொல்லுவான். அப்பதான் பேர் ஒட்டும். ஊரை ஆண்டவன்னு உங்க பேருக்கு அர்த்தம் இல்ல. ஊரை விட்டுட்டுப் போனவன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அந்தக் காட்டுப்பன்றியே தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும் என்று நினைத்தேன்.

ஜூலியன் சிரித்தார். தரைவிரிப்பு விற்பவரை நான் குறைத்து எடை போட்டுவிட்டேன். "சரி, அப்படியே இருக்கட்டும் மிஸஸ் ஓல்ட்ராய்ட். இந்தச் சேத்தைப் பாத்துட்டு மொத ஆளா கெளம்பினவன் எங்க ஆளுன்னா, அவனுக்கு மூளை இருந்திருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். கிளைவ் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"ஆமா, ஓல்ட்ராய்ட்ங்கறது எந்த ஊரு?" என்று அவர் இதமாகக் கேட்டார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அது என் வீட்டுக்காரர் வழியில் வந்த பெயர். யார்க்ஷயரில் எங்கோ காடு வெட்டித் திருத்திய இடத்தின் பெயர். அவருடைய ஆட்களும் அங்கிருந்து கிளம்பி வந்தவர்கள்தான். "யார்க்ஷயர் பக்கம்," என்றேன். அதற்கு முன்னதைவிடப் பெரிய சிரிப்பு. லென் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அப்போது ஜூலியன் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். எல்லோரும் சேர்ந்து மேலே பார்த்தார்கள். "கூரையை நான் பாத்துக்கறேன்," என்றார். "முழுசா. அது மனுவோட சம்பந்தப்பட்டது இல்ல. என் பேரைத் தாங்குற ஊருக்கு நான் செய்ற கடமை."

சம்பந்தம் இல்லையாம். வாக்கெடுப்பு நடந்தது. அவருக்கு ஆதரவாக ஆறு கை, எதிராக இரண்டு. கிளைவ் கையைத் தூக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டான். ஆனால் கை நன்றாகத்தான் உயர்ந்தது. கூட்டம் முடிந்ததும் எலுமிச்சைக் கேக் கொடுத்தார்கள். வரிசையில் நின்று தின்றார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பேராயத்திலிருந்து கடிதம் வந்தது. குழி இரட்டை ஆழம் என்பதால், உத்தரவு கொடுப்பதற்கு முன்னால் அந்த இடத்தில் சோதனைக் குழி ஒன்று வெட்டிப் பார்க்க வேண்டும் என்று. யார் வெட்டுவது என்று போதகர் யோசித்தார். யோசித்து, லென்னிடம் நீங்களே கேட்டுவிடுங்கள் விண்ணி என்று என் தலையில் கட்டினார். ஒரு மனுஷனின் இடத்தைப் பிடுங்கி, பிடுங்கியவனுக்காக அவனையே குழி வெட்டச் சொல்லும் துணிச்சல் அவருக்கும் இல்லை. ஆனால் சொல்லச் சொல்கிற துணிச்சல் இருந்தது.

லென் தன் வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி, "நீங்க முடியாதுன்னு சொல்லிடுங்க லென். பக்கத்து டவுன்லேருந்து மிஷின் வரட்டும்," என்றேன்.

"மிஷின் வந்தா பெரில் பக்கம் இடிஞ்சு விழும்," என்றார். "நான்தான் வெட்டணும்."

அக்டோபர் மாதம் ஒரு காலை நேரம். ஜூலியனும் ஃபிலிப்பாவும் வந்தார்கள். இருவர் காலிலும் புத்தம்புதுப் பச்சை ரப்பர் பூட்ஸ். ஜூலியனுடையதில் கடை விலைச்சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை. போதகர் குடையோடு சுவர் ஓரமாக நின்றார்.

லென் வெட்டத் தொடங்கினார். முதலில் புல் கட்டிகளை எடுத்து ஒழுங்காக அடுக்கினார். அடுத்து கறுப்பு மண். பெரில் பக்கத்தில் பலகை கொடுத்து முட்டு வைத்தார். இரண்டடிக்குக் கீழே மண் நீலமாக மாறியது. பின்னாலேயே அழுகிய சேற்று நாற்றம் வந்தது. எங்களுக்குப் பழகியது. ஃபிலிப்பா கைக்குட்டையை எடுத்தாள். மூன்றாவது அடியில் குழியின் அடியிலிருந்து தண்ணீர் ஊறத் தொடங்கியது. அவசரமே இல்லாமல், நாலு பக்கமும் சுரந்து, லென்னின் பூட்ஸை மூடி ஏறியது.

"மழைத் தண்ணியா?" என்றார் ஜூலியன்.

"இல்ல. ஊர்த் தண்ணி."

"பம்பு வச்சு எறைச்சுட்டா?"

"எறைக்கலாம். எங்க கொண்டுபோய் ஊத்துவீங்க? சுத்தி இதேதான்."

"செங்கல் வேண்டாம். காங்கிரீட் பெட்டியா போட்டா?"

லென் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். கிண்டலே இல்லை. வாய்க்கால் வேலையில் புதிதாகச் சேர்ந்தவனுக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்: "காலிப் பெட்டின்னா மெதந்து மேல வந்துரும். மரப்பெட்டியே மெதக்கும். ஒரு டீச்சரம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு. பாட்டு முடியுற வரைக்கும் நாங்க ரெண்டு பேர் கம்பு வச்சு அழுத்திக்கிட்டு நின்னோம். அப்புறம் மண்ணைத் தள்ளினோம்."

ஃபிலிப்பா குழியை எட்டிப் பார்த்தாள். அவளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் எதுவும் கிடையாது. ஆனாலும் அங்கே நின்றவர்களில் லென்னுக்கு அடுத்து உண்மை பேசிய ஆள் அவள்தான். "ஜூலியன்," என்றாள், "நான் இதுக்குள்ள படுக்க மாட்டேன்."

அவள் காரை நோக்கி நடந்தாள். ஜூலியன் கொஞ்ச நேரம் நின்றார். அவர் வம்சம் ஆண்ட மண் அவருடைய புதுப் பூட்ஸை ஒரு விரற்கடை விழுங்கியிருந்தது. காலை இழுத்தபோது அசிங்கமாக ஒரு சத்தம் வந்தது. அவரும் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஜூலியனிடமிருந்து கடிதம் வந்தது. மண்ணின் எதிர்பாராத தன்மை காரணமாக மனுவைத் திரும்பப் பெறுகிறாராம். எதிர்பாராத தன்மை. ஆயிரம் வருடமாக அந்த ஊரின் பெயராகவே இருப்பதை, தன் பெயராகவும் வைத்துக்கொண்டு, காசோலையில் தினமும் கையெழுத்துப் போடுகிற மனுஷன் எழுதுகிறார். கூரையைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. சர்ரே பக்கம் ஒரு காய்ந்த குன்றின்மேல் இடம் வாங்கிவிட்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ஊர் என்ன செய்தது? லென்மீது பாய்ந்தது. கெழவன் வேணும்னே ஆழமா வெட்டிட்டான், தண்ணி வர்ற எடமாப் பாத்து வெட்டிட்டான் என்று மதுக்கடையில் பேசினார்கள். எங்கே வெட்டினாலும் தண்ணீர் வருகிற ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் அப்படிப் பேசினார்கள். கிளைவ் என்னிடமே வந்து, "நம்ம கூரை போச்சே விண்ணி," என்றான். உன் தலைக்குள் ஒழுகுவதற்குக் கூரைமேல் பழி போடாதே என்றேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

இந்தத் தடவை நான் தூங்கவில்லை. மனுப் படிவத்தை வரவழைத்து எடுத்துக்கொண்டு லென் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேஜையில் ஒரு பக்கத்தைத் துடைத்து இடம் பண்ணிக் கொடுத்தார். அவருக்கு எழுத்து வேலை ஆகாது, நான்தான் நிரப்பினேன். பெயர், வயது, முகவரி, இடம் எல்லாம் முடிந்தது. கடைசியில் ஒரு பெரிய கட்டம். இந்த இடத்தைத் தங்களுக்கு ஒதுக்க வேண்டியதற்கான காரணம்.

"இதுக்கு ஜூலியன் ரெண்டு பக்கம் டைப் அடிச்சுக் குடுத்திருந்தாரு," என்றேன். "நாமளும் நல்லா எழுதணும். இந்த ஊர்லயே பொறந்தேன். டக்வெல் குடும்பம் பதிவேட்டுல மொதப் பக்கத்துலயே இருக்கு. நாப்பது வருஷம் கோயிலுக்கு ஒழைச்சேன். இப்படி எழுதட்டுமா?"

"அதெல்லாம் எதுக்கு?"

"காரணம் கேக்குறாங்கள்ல, லென்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் தேநீரைக் குடித்தேன். என் பேனா அந்தக் கட்டத்தின்மேல் நின்றது. டக்வெல் குடும்பத்தைப் பற்றி, ஓடிப்போனவர்களைப் பற்றி, தங்கியவர்களைப் பற்றி, நீதிமன்றத்தார் வெட்கப்படும்படி ஒரு நாலு வரி என் மனதில் தயாராக இருந்தது.

"அன்னிக்கு அவளை எறக்குறப்போ நான் குழிக்குள்ள நின்னுக்கிட்டிருந்தேன்," என்றார் லென். "முட்டி வரைக்கும் தண்ணி. எவ்வளவு சில்லுன்னு இருக்கும்னு எனக்குத் தெரியும். அவ வீட்டுக்குள்ளயே ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு அடுப்புப் பக்கத்துல ஒக்காந்திருக்கிறவ. அவளைக் கொண்டுபோய் அதுல வச்சுட்டு நான் மட்டும் மேல ஏறி வந்துட்டேன். அதை எழுது."

எழுதினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். லென் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாகத் தன் பெயரை எழுதினார்.